மூன்று நாள் எழுத்து முகாம்: எங்கே போகலாம்? போய் வந்தால் எழுதும் பழக்கம் நிலைக்குமா?

வாலாங்குளம்:

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் ஒரு பம்ப் செட் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சிறுகதை எழுதுகிறவன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் கையில் இருப்பதெல்லாம் பாதியில் நிற்கிற கதைகள். மாதம் 11-ம் தேதி ஒரு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், 20-ம் தேதி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் எழுத உட்கார்ந்தால், போன தடவை எந்த இடத்தில் விட்டேன் என்பதே மறந்துபோயிருக்கும்.

எங்காவது இரண்டு மூன்று நாள் தங்கி, எழுத்தை மட்டும் வேலையாக வைத்துக்கொண்டு திரும்பினால், அந்தச் சூட்டில் தினம் அரை மணி நேரமாவது தொடரலாம் என்று நினைக்கிறேன். சான்றிதழ் வேண்டாம், பிரபல எழுத்தாளரோடு படம் வேண்டாம். வெள்ளி காலை கிளம்பி ஞாயிறு ராத்திரி வீடு வந்து சேர வேண்டும்.

எழுத்தாளர்கள் தங்கி எழுத இடம் தருகிற சங்கம் ஹவுஸ் பற்றிப் படித்தேன். 2008-ல் தொடங்கியது; முதலில் புதுச்சேரிப் பக்கம், அப்புறம் பெங்களூருக்கு வெளியே நிருத்யகிராமம் என்ற நடனக் கிராமம். இந்திய மொழி எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தார்கள் என்பது சந்தோஷம். ஆனால் அது வாரக்கணக்கில் தங்குகிற ஏற்பாடு. எனக்கு அவ்வளவு லீவு கிடைத்தால் கம்பெனியில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். தமிழில் எழுதுகிறவனுக்குச் சின்ன அளவில் ஏதாவது உண்டா?

சம்பா:

வணக்கம் சார். இடம் சொல்வதற்கு முன்னால் ஒன்று. பணம் கட்டுவதற்குள் நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்குங்கள். அதில் நீங்கள் பேனாவைப் பிடித்து உட்காரும் நேரம் எவ்வளவு என்று பாருங்கள். கும்பகோணத்திலிருந்து பஸ் பிடித்து ஒரு இரண்டு நாள் "சிறுகதைப் பட்டறை"க்குப் போனேன். யார் நடத்தியது என்பது இங்கே வேண்டாம். தொடக்க உரை, சிறப்புரை, பொன்னாடை, மதியச் சாப்பாடு, மறுபடி உரை. நான் எழுதியது வருகைப் பதிவேட்டில் என் பெயரை மட்டும்தான். பேசியவர்கள் நன்றாகவே பேசினார்கள், அதைக் குறை சொல்லவில்லை. அதற்குப் பெயர் கருத்தரங்கம், அவ்வளவுதான்.

முட்டைக்கோஸ்:

மலை மேலே ரூம் போட்டால் நான் செய்யப்போவது தூக்கம், பஜ்ஜி, தூக்கம். வீட்டில் எழுதாதவன் ஏற்காட்டில் எழுதுவான் என்பதற்கு என்ன ஆதாரம்? ஆந்தனி டிரோலப் என்ற ஆங்கில நாவலாசிரியர் தபால் துறையில் அதிகாரி. காலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக் கால் மணிக்கு 250 சொல் எழுதிவிட்டு ஆபீஸ் போனார். முகாமுக்கா போனார்?

ராட்டினம்:

அவருக்குக் காலையில் காபி போட்டுக் கொடுத்து எழுப்பிவிடத் தனியாக ஒரு வேலைக்காரர் இருந்தார், அதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் ஐந்தரைக்கு எழுந்தால் அந்தக் காபியைப் போடுவது நான்.

முட்டைக்கோஸ்:

சரண்டர் அக்கா.

அந்தியூரான்:

வாலாங்குளம் அண்ணா, எங்கள் ஊர்ப் பக்கம் நடப்பதைச் சொல்கிறேன். அந்தியூரை ஒட்டிய மலையில், வெள்ளிமலை என்ற இடத்தில், எழுத்தாளர் ஜெயமோகனும் நண்பர்களும் முழுமையறிவு என்ற பெயரில் வகுப்புகள் நடத்துகிறார்கள். பெரும்பாலும் வெள்ளியில் தொடங்கி ஞாயிறு முடியும், அங்கேயே தங்க வேண்டும். உங்கள் நாள் கணக்குக்கு ஒத்துவரும். ஆனால் தலைப்புகளைப் பாருங்கள்: தத்துவம், ஆலயக்கலை, மரபிலக்கியம், தியானம் இப்படி. எழுத்துப் பயிற்சி என்று நினைத்துப் பெட்டி கட்டாதீர்கள். ஃபோனை ஒதுக்கிவிட்டு மூன்று நாள் ஒரே விஷயத்தில் உட்கார்ந்து பழக நல்லது.

ஜெயமோகனின் வாசகர்கள், நண்பர்கள் அமைப்பான விஷ்ணுபுரம் இலக்கிய வட்டத்தின் ஊட்டி முகாம் வேறு ரகம். ஃபெர்ன்ஹில் நாராயண குருகுலத்தில் பல ஆண்டுகள் நடந்தது. கதை, கவிதைகளை முன்கூட்டியே எல்லோரும் படித்துவிட்டு வந்து விவாதிப்பார்கள். அங்கேயும் எழுத நேரம் கிடையாது. ஒரு கதையை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பது புரியும். எனக்கு அது வாசிப்பைத்தான் மாற்றியது. எழுத்துப் பழக்கம் வேறு வழியில் வந்தது, அது பெரிய கதை.

தேம்ஸ்கரை:

லண்டனிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஆர்வன் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. ஜான் மோட், ஜான் ஃபேர்ஃபாக்ஸ் என்ற இரண்டு கவிஞர்கள் 1968-ல் தொடங்கியது. கிராமத்து வீடுகளில் திங்கள் முதல் சனி வரை தங்கி எழுதுகிற வகுப்பு. நான் போனது யார்க்ஷயரில் லம்ப் பேங்க் என்ற வீட்டுக்கு. ஒரு காலத்தில் கவிஞர் டெட் ஹியூஸுக்குச் சொந்தமாக இருந்த வீடு.

அவர்களுடைய ஒழுங்கைச் சொல்கிறேன், இங்கே யாராவது அதைப் பார்த்து ஒன்று செய்யக்கூடும். ஆட்கள் 16-க்கு மேல் இல்லை. ஆசிரியர்கள் இரண்டு பேர், இருவருமே எழுதுகிறவர்கள், வாரம் முழுக்க எங்களோடுதான் இருப்பார்கள். காலையில் எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி இருந்து பயிற்சி. மதியத்துக்குப் பிறகு கூட்டம் ஒன்றுமில்லை, எழுதுவது மட்டும்தான். இடையில் ஒவ்வொருவரும் தன் பிரதியோடு போய் ஆசிரியருடன் தனியாகக் கதைக்கலாம். வாரத்தின் நடுவில் ஒரு நாள் வெளியிலிருந்து ஒரு எழுத்தாளர் வந்து வாசிப்பார். கடைசி இரவு நாங்கள் எழுதியதை நாங்களே வாசிக்க வேண்டும்.

இரவுச் சமையல் எங்கள் முறை, குழுக் குழுவாக. முதலில் காசையும் கட்டிச் சமைக்கவும் வேண்டுமோ என்று எரிச்சல் வந்தது உண்மை. ஆனால் வெங்காயம் உரிக்கிற இடத்தில்தான் ஆளை ஆள் தெரிந்துகொண்டோம். மேசையில் வாய் திறக்காத ஒரு வயதான அம்மா அடுப்படியில் தன் நாவல் முழுக்கச் சொன்னார்.

கட்டணம் கொஞ்சநஞ்சம் இல்லை. வருமானம் குறைந்தவர்களுக்கு உதவித்தொகை உண்டு, அதைக் கேட்க வெட்கப்படத் தேவையில்லை. எல்லாம் ஆங்கிலத்தில். நான் தமிழில்தான் எழுதுகிறவன், பயிற்சிகளைத் தமிழில் எழுதிவிட்டுத் தனிச் சந்திப்புக்கு ஆங்கிலத்தில் ஒரு சுருக்கம் கொண்டுபோனேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

வாலாங்குளம்:

தேம்ஸ்கரை அண்ணா, நன்றி. நான் கேட்க நினைத்ததும் இதுதான்: திரும்பி வந்தபிறகு என்ன ஆனது? பழக்கம் நிலைத்ததா?

தேம்ஸ்கரை:

முதல் இரண்டு வாரம் நல்ல வேகம். பிறகு வேலை, பனிக்காலம், எல்லாம் சேர்ந்து மங்கியது. அதைத் தூக்கி நிறுத்தியது அங்கே பழகிய இரண்டு பேர். ஞாயிறு இரவுக்குள் ஆளுக்கு ஒரு பக்கம் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். கருத்துச் சொல்வது கட்டாயமில்லை. "கிடைத்தது" என்று ஒரு சொல் போதும். இன்றைக்கும் நடக்கிறது. அந்த வாரம் இல்லையென்றால் அந்த இருவரும் கிடைத்திருக்க மாட்டார்கள். அதனால் கட்டிய காசு வீண் என்று சொல்ல மாட்டேன்.

ராட்டினம்:

இதைப் படித்ததும் மனசுக்கு நெருக்கமாக இருந்தது. என்னால் இரவு வெளியே தங்க முடியாது. சின்னவளுக்கு நான் இல்லாமல் தூக்கம் வராது. (அவளுடைய அப்பாவுக்கும் டிபன் வராது.) அதனால் மதுரையில் நான் கண்டுபிடித்த வழி கலைஞர் நூற்றாண்டு நூலகம், 2023 ஜூலையில் திறந்தது. அங்கே சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிப்பதற்கென்று தனிப் பகுதி இருக்கிறது, சென்னையில் அண்ணா நூலகத்திலும் உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் நிறைந்திருப்பார்கள். யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால், அவள் எழும்வரை எழுந்திருக்க எனக்கே கூச்சமாக இருக்கும். இதற்குமேல் என்ன கண்காணிப்பு வேண்டும்? காலையிலேயே போய்விடுங்கள், இடம் கிடைப்பது பாடு.

இன்னொன்று, லண்டன் ரைட்டர்ஸ் சலூன் என்ற குழு ஜூமில் நடத்துகிற "ரைட்டர்ஸ் அவர்" (Writers' Hour). திங்கள் முதல் வெள்ளி வரை, இலவசம். ஐந்து நிமிடம் வரவேற்பு, அப்புறம் எல்லோரும் மைக்கை அணைத்துவிட்டு 50 நிமிடம் எழுதுவது. என்ன மொழியில் எழுதுகிறோம் என்று யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம். லண்டன், நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் என்று அந்தந்த ஊர்க் காலை எட்டு மணிக்கு நடக்கும். நான் சேர்வது நியூயார்க் எட்டு மணிக்கு. நமக்குக் குளிர்காலத்தில் மாலை ஆறரை, கோடைக்காக அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் ஐந்தரை.

முட்டைக்கோஸ்:

கேமராவில் முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்கள் தலை குனிந்து எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நானும் எழுத வேண்டுமா? கேட்கவே பயமாக இருக்கிறதே.

ராட்டினம்:

கேமராவை அணைத்துக்கொள்ளலாம் தம்பி. பஜ்ஜியும் சாப்பிடலாம்.

சிவப்புப் பேனா:

இந்தத் தலைமுறை உள்ளூரில் இருப்பதை ஏன் பார்ப்பதில்லை என்று தெரியவில்லை. முற்போக்கு எழுத்தாளர் சங்கம், இப்போது தமுஎகச (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்), 1975-ல் மதுரையில் தொடங்கியது. ஊருக்கு ஊர் கிளை உண்டு. பல கிளைகளில் மாதக் கூட்டம் நடக்கும், எழுதியதைக் கொண்டுபோய் வாசிக்கலாம். கலை இலக்கியப் பெருமன்றம் இருக்கிறது. அதைக் கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா தொடங்கியதே உங்கள் கோவையில்தான், 1961-ல். டீ செலவு மட்டும்தான். நான் எழுதக் கற்றது ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இந்த மாதிரிக் கூட்டத்தில். அடுத்த மாதம் வாசிக்கக் கதை இல்லாமல் போனால் கேட்பார்கள், "என்ன தோழர், கை காலியா?" அந்தக் கேள்விக்குப் பயந்து எழுதியவை பாதி.

சம்பா:

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது, மாதாமாதம் நடக்கிற கூட்டம் தரும் ஒழுங்கை மூன்று நாள் முகாம் தராது. ஆனால் ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். நம் கூட்டங்களில் ஒரு கதையை வாசித்ததும் அதை அங்கேயே கிழித்துத் தோரணம் கட்டுவது வழக்கம். பழகியவர்களுக்குச் சரி. இப்போதுதான் பழக்கம் வேண்டும் என்று வருகிற ஒருவர் அரைகுறை முதல் பிரதியை வாசித்து, "இதில் வர்க்கப் பார்வை இல்லை" என்றோ "இது கதையே இல்லை" என்றோ கேட்டுவிட்டுப் போனால், அடுத்த நாள் காலை உட்கார மாட்டார். பெண்கள் என்றால் இன்னும் சீக்கிரம் காணாமல் போவார்கள். நானே பார்த்திருக்கிறேன்.

சிவப்புப் பேனா:

விமர்சனத்துக்குத் தாங்காத எழுத்து என்ன எழுத்து? அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936-ல் தொடங்கிய பட்டறையின் முறையே இதுதானே. எழுதியவர் வாய் மூடி உட்கார்ந்திருக்க மற்றவர்கள் பிரித்துப் போடுவார்கள். உலகம் முழுக்க அதைத்தான் காப்பியடிக்கிறார்கள்.

சம்பா:

அங்கே வருகிறவர்கள் ஏற்கெனவே எழுதித் தேறி, தேர்வாகி, இரண்டு வருடம் படிக்க வருகிறவர்கள். அந்த முறைக்கே இப்போது அங்கே எதிர்ப்பு இருக்கிறது, எழுதியவரையும் பேசவிடு என்று. நான் விமர்சனமே வேண்டாம் என்று சொல்லவில்லை ஐயா. முடிந்த கதைக்கு விமர்சனம் வைத்துக்கொள்ளலாம். முகாமில் அன்று காலை எழுதிய இரண்டு பக்கத்துக்கு வேண்டாம்.

அந்தியூரான்:

இதில் நான் அக்கா பக்கம். முன்கூட்டிப் படித்துவிட்டு வந்து பேசுவதும், காதால் ஒரு தடவை கேட்டதும் தீர்ப்புச் சொல்வதும் ஒன்றல்ல. ஆனால் தோழர் சொன்ன "கை காலியா?" எனக்குப் பிடித்திருக்கிறது.

நிர்வாகி:

மூன்று விளம்பரப் பதிவுகள் நீக்கப்பட்டன. கட்டணப் பயிற்சி நடத்துகிறவர்கள் விளம்பரப் பகுதிக்குப் போகவும். நேரம், கட்டணம், ஆட்களின் எண்ணிக்கை மூன்றையும் எழுதாத அறிவிப்புகள் அங்கேயும் நிற்காது.

கடல்காகம்:

மூன்று நாள் போதாது என்றால் பத்து நாள் விபாசனா தியான முகாம் இருக்கிறது, நன்கொடை மட்டும், சாப்பாடு அருமை!

ராட்டினம்:

அங்கே எழுதக் கூடாது. படிக்கவும் கூடாது. பேனா, நோட்டு, ஃபோன் எல்லாவற்றையும் முதல் நாளே ஒப்படைக்கச் சொல்வார்கள். திருவண்ணாமலை ரமணாசிரமத்தையும் சிலர் சொல்வார்கள். அது பக்தர்கள் தங்குகிற இடம், முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும், சில நாள்தான் கொடுப்பார்கள். நாவல் எழுத அறை கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வாலாங்குளம்:

விவாதம் சூடாகப் போனதில் சந்தோஷம். ஆக, தமிழில் "இரண்டு நாள் உட்கார்ந்து எழுது" என்கிற முகாம் தயாராக எங்கும் இல்லை, நாமே செய்துகொள்ள வேண்டும் என்று தெரிகிறது. யாராவது செய்திருக்கிறீர்களா?

சம்பா:

செய்திருக்கிறோம். நாங்கள் மூன்று பேர், எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். ஏற்காட்டில் தமிழ்நாடு ஓட்டல், அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துடையது. கோடை சீசன் முடிந்து, பள்ளி திறந்த பிறகு வார நாளில் போனால் ஆளே இருக்காது. ஏப்ரல், மே மாதம் மலைப்பக்கம் தலை காட்டாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழைக்குக் கரண்ட் போகும், லேப்டாப்பை நம்பாமல் நோட்டு எடுத்துப்போங்கள்.

நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு: காலை ஆறு முதல் எட்டரை வரை பேச்சு இல்லை. டிபன். பத்து முதல் ஒன்று வரை மறுபடி எழுத்து. மதியம் தூக்கமோ நடையோ அவரவர் இஷ்டம். மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் எழுத்து. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொருவரும் அன்று எழுதியதில் ஒரு பத்தியை வாசிப்பது, மற்றவர்கள் கேட்பது. "நல்லா இருக்கு" கூடச் சொல்லக் கூடாது என்று முதலில் வைத்திருந்தோம், அது ரொம்ப ஓவர் என்று விட்டுவிட்டோம்.

முக்கியமான ஒன்று. போகும்போதே என்ன எழுதப்போகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். அங்கே போய் யோசிக்கலாம் என்று வந்தவர் முதல் நாள் முழுக்க ஏரியைச் சுற்றினார். பாதியில் நிற்கிற கதை இருந்தால் அதுதான் இதற்குச் சரியான சரக்கு, உங்களிடம் அது நிறையவே இருக்கிறது!

கடைசி நாள் மதியம் ஒரு வேலை உண்டு. வீட்டுக்குப் போனதும் எந்த நேரம், எந்த இடம், எவ்வளவு என்பதை எழுதி மற்ற இருவரிடம் கொடுத்துவிட வேண்டும். "தினமும் எழுதுவேன்" என்று எழுதினால் ஏற்க மாட்டோம். "பஸ் ஸ்டாண்டில் 8.10 வண்டிக்கு முன்னால் இருபது நிமிஷம், பெஞ்சில்" என்று இருக்க வேண்டும்.

முட்டைக்கோஸ்:

இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு வாய் பேசியிருக்க மாட்டேன். ஒரு சந்தேகம், "எவ்வளவு" என்பதற்கு என்ன அளவு? நவம்பர் ஒரே மாதத்தில் நாவல் எழுதச் சொன்ன நானோரைமோக்காரர்கள் (NaNoWriMo) மாதம் 50,000 சொல் என்று வைத்திருந்தார்கள், நாளுக்கு 1,667. ஒரு நவம்பரில் முயன்றால் மூச்சு முட்டும்.

தேம்ஸ்கரை:

அந்த அமைப்பே 2025-ல் மூடுவதாக அறிவித்துவிட்டது. 1999-ல் தொடங்கியது, பாவம். அந்தக் கணக்கை அப்படியே தமிழுக்குக் கொண்டுவராதீர்கள். "போயிருக்கவேண்டியதில்லை" என்று நாங்கள் ஒரே சொல்லாக எழுதுவதற்கு ஆங்கிலத்தில் நாலைந்து சொல் செலவாகும். அவர்களின் ஆயிரம் எங்களுக்கு ஆயிரமாக இருக்காது. அதைவிட, வேலைக்குப் போகிற ஆளுக்குச் சொல் கணக்கே வேண்டாம் என்பது என் எண்ணம். நேரக் கணக்குப் போதும். சில நாள் இருபது நிமிடத்தில் ஒரு வரியை வெட்டுவதுதான் வேலை.

சிவப்புப் பேனா:

நேரக் கணக்கு ஏமாற்றும். பக்கக் கணக்கு ஏமாற்றாது. தினம் அரைப் பக்கம், கையெழுத்தில்.

வாலாங்குளம்:

ஐயா, அரைப் பக்கம் சரி. கோத்தகிரி யோசிக்கிறேன், மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் இருக்கிறது. 20-ம் தேதி தாண்டிய முதல் வெள்ளி. பாதிக் கதை ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். கோவை, திருப்பூர், ஈரோடு ஆட்கள் இரண்டு பேர் வந்தால் அறை வாடகையைப் பங்கிடலாம். தனிச்செய்தியில் சொல்லுங்கள். நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும் என்கிறார்களே, அது எப்படி?

அந்தியூரான்:

2024 மே மாதத்திலிருந்து இருக்கிறது அண்ணா, கோர்ட் உத்தரவு. ஆனால் அது சொந்த வண்டி, வாடகை வண்டிக்கு. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு வேண்டாம். நான் வருகிறேன், ஈரோட்டிலிருந்து மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்துகொள்கிறேன். சமையல் வசதி உள்ள வீடாகப் பாருங்கள். வெங்காயம் நான் உரிக்கிறேன்.

முட்டைக்கோஸ்:

திருப்பூரிலிருந்து ஒரு ஆள். தனி அறை கிடைக்குமா? குறட்டை விடுவேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ராட்டினம்:

போய் வாருங்கள். அந்த மூன்று நாளில் வெள்ளிக்கிழமை மாலை மட்டும் நானும் ஜூமில் உட்கார்கிறேன், அங்கே சிக்னல் கிடைத்தால். எந்த மாதம் போகிறீர்கள் என்று சொல்லுங்கள், ஐந்தரையா ஆறரையா என்று பார்க்க வேண்டும்.